நாற்பத்தெட்டு விதமாகத் திரும்பி வருவது எப்படி

இதுவரை உலகில் ஆங்கிலம் கற்க முயன்று தோற்றவர்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு காரணத்தால்தான் தோற்றார்கள்: அவர்களுக்குக் கால்கள் இருந்தன.

இந்த உண்மையை டிக்‌ஷனரி அன்று காலை எட்டரை மணிக்கு, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷுடன், அக்கா வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தான். நுரை கொஞ்சம் சட்டையில் சிந்தியது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. பெரிய உண்மைகள் வெளிவரும்போது கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

"மொழிங்கிறது கழுத்துக்கு மேல நடக்கிற விஷயம்க்கா. மூளை, காது, நாக்கு. அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழ இருக்கிறதெல்லாம் சட்டை மாட்டறதுக்கு."

"முதல்ல போய் வாயைக் கொப்பளி" என்றாள் அக்கா.

டிக்‌ஷனரி என்பது அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு. ஒரு கல்யாணத்தில் மேடையேறி, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, அழைப்பிதழில் ஏழு ஆங்கிலப் பிழைகள் இருப்பதாக அவர் காதில் சொல்லிவிட்டு இறங்கியவன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவன் டிக்‌ஷனரி. அதை அவன் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டான்.

அக்கா நர்ஸ். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில் எட்டு வருஷம். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரி அவளை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆறு மாதத்தில் கணவரையும் கூட்டிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, ஆங்கில வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். வருஷத்துக்கு மூன்று வாய்ப்பு. இரண்டு போய்விட்டது. மூன்றாவது இன்று மதியம் மூன்று மணிக்கு, இந்தக் கூடத்தை ஒட்டிய அறையில், லேப்டாப் முன்னால். இந்த மாதம் முடிந்தால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

தேர்வில் மூன்று பகுதி. முதல் இரண்டில் அவளுக்குப் பிரச்சினை இல்லை. மூன்றாவதில் ஒரு நிமிடம் ஓடும் ஊமைப்படம் காட்டுவார்கள். வார்டில் ஒரு நோயாளி கட்டிலைவிட்டு எழுந்து எங்கோ போய்த் திரும்பி வருவார். அடுத்த டியூட்டிக்கு வரும் நர்ஸிடம் சொல்வதுபோல அதைச் சொல்ல வேண்டும். இரண்டு தடவையும் அக்கா, "பேஷண்ட் ரிட்டர்ன்டு" என்று சொல்லி முடித்துவிட்டாள். இரண்டு தடவையும் ஒரே குறிப்பு வந்தது: நோயாளி திரும்பினார் என்கிறார், எப்படித் திரும்பினார் என்று சொல்லவில்லை.

"அது எனக்குத் தெரியாதாடா?" என்று இரண்டாவது குறிப்பு வந்த அன்று அழுதிருந்தாள். "பாத்ரூம் போனவன் தானா நடந்து வந்தானா, சுவரைப் பிடிச்சிட்டு வந்தானா, நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்களாங்கிறதுதான் எங்க பொழப்பே. கண்ணுக்குத் தெரியுது, வாய்க்கு வரமாட்டேங்குது."

அப்போதுதான் டிக்‌ஷனரி களத்தில் இறங்கினான்.

"நம்ம ஆள் ஒருத்தன் கடைக்குப் போனான்னு வச்சுக்கோ" என்று அவன் விளக்கினான். "நாம என்ன சொல்றோம்? திரும்பி வந்தான். முதல்ல திரும்பறான், அப்புறம் வர்றான். எப்படி வந்தான்னு சொல்லணும்னா அதைத் தனியா முன்னாடி ஒட்டணும். நொண்டிக்கிட்டே திரும்பி வந்தான். இங்கிலீஷ்காரனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எப்படி வந்தாங்கிறதையே வினையாக்கிடுவான். திரும்பி வந்ததுக்குக் கடைசியில 'பேக்'னு ஒரு சின்னத் துண்டு. நடந்து வந்தா வாக்டு பேக். நொண்டி வந்தா லிம்ப்டு பேக். வண்டி ஓட்டிட்டு வந்தா ட்ரோவ் பேக். யாராவது நாற்காலியில வச்சுத் தள்ளிட்டு வந்தா வீல்டு பேக். பெட்டிக்குக் கைப்பிடி மாதிரிக்கா. எந்தப் பெட்டியா இருந்தாலும் கைப்பிடி ஒண்ணுதான்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. டிக்‌ஷனரியோடு பழகுவதில் இருக்கும் கஷ்டமே அதுதான். பெரும்பாலும் அவன் சொல்வது சரியாக இருந்து தொலைக்கும்.

சொன்னதோடு நிற்கவில்லை. மூன்று நிற மையில் ஓர் அட்டவணை தயாரித்து, அறைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினான். திரும்பி வருதலின் வகைகள், மொத்தம் நாற்பத்தெட்டு. அக்காவின் கணவர் பஸ் டிரைவர். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே அதை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

"மாப்ள, இருபத்தி ரெண்டாவது என்ன?"

"கேலப்டு பேக். குதிரைப் பாய்ச்சல்ல திரும்பி வர்றது, மாமா."

"ஆண்கள் வார்டுலயா?"

"ஒரு முழுமைக்காகச் சேர்த்தேன்."

"அப்ப நீச்சலடிச்சுத் திரும்பறதும் முழுமைக்குத்தானா? சரி. பைப் உடைஞ்சா உதவும்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அட்டவணை சுவரில் ஏறிப் பத்து நாள் ஆயிற்று. அக்கா தினமும் பார்த்தாள். பத்தாவது நாள் கேட்டால், "பேஷண்ட் ரிட்டர்ன்டு" என்றாள். பிறகு யாரோ சொல்லி, மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஒரு மேடம் நடத்தும் பேச்சு ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். டிக்‌ஷனரியின் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வகுப்பில் புத்தகம் இல்லை, பலகை இல்லை. ஒரு மூலையில் நாற்காலி, எதிர் மூலையில் ஜன்னல். நாற்காலியிலிருந்து ஜன்னலுக்குப் போக வேண்டும், ஜன்னலிலிருந்து திரும்ப வேண்டும், போகும்போதே சொல்ல வேண்டும். நொண்டினால் நொண்டிக்கொண்டே, ஓடினால் ஓடிக்கொண்டே. டிக்‌ஷனரி ஒருநாள் அக்காவைக் கூப்பிடப் போனவன் வாசலில் நின்று பார்த்தான். கூரியர்க்காரர் ஒருவர் பதுங்கிப் பதுங்கித் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு தையல்காரர் ஓடினார். மருந்துக்கடைக்காரர், கனத்த ஆள், முழங்காலிட்டுத் தவழ்ந்து, "க்ரால்டு பேக், க்ரால்டு பேக்" என்று மூச்சுவாங்கிக்கொண்டே வந்து நாற்காலியைத் தொட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாளே கல்லூரி அறிவிப்புப் பலகைக்கு, 'கால்வழிக் கல்வி: ஓர் அறிமுகம்' என்று ஒரு கட்டுரை எழுதினான். மாணவர்களுக்கு மதிப்பெண்ணுக்குப் பதிலாகச் செருப்பு வழங்கலாம் என்று அதில் ஒரு யோசனை இருந்தது. வீட்டில் வாசித்துக் காட்டியபோது அக்காவும் சிரித்தாள். அதைத் தன் வெற்றியாக அவன் கணக்கில் வைத்துக்கொண்டான்.

ஆனால் அந்த வகுப்புக்குப் போய் ஐந்தாவது வாரம் அக்காவுக்கு வார்த்தைகள் வாய்க்கு வந்துவிட்டன. அதுதான் அவனுக்கு ஆறாத எரிச்சல்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை தொடங்கியது. அக்கா மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். டிக்‌ஷனரி லேப்டாப்பின் கேமராவை ஓடவிட்டு, கதவோரமாக நின்று பரீட்சை அதிகாரியின் குரலில் சொன்னான்: "நோயாளி ஜன்னலுக்குப் போறார். நொண்டிக்கிட்டே திரும்பறார். ஆரம்பிங்க."

அக்கா ஆரம்பித்தாள். நோயாளி எழுந்தார் என்றாள். ஜன்னலுக்கு நடந்தார் என்றாள். குரல் தெளிவாக இருந்தது, ஆனால் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. டிக்‌ஷனரி திரையைப் பார்த்தான். நாற்காலி மட்டும் உட்கார்ந்து தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலருகே நின்றாள்.

"அக்கா!"

"என்னடா?"

"நீ எங்க இருக்கே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், முகம் வெளுத்தது. எப்போது எழுந்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தேர்வின் விதிகள் இரண்டு பக்கம். நான்காவது விதியை அவள் பிரிண்ட் எடுத்துக் கோடு போட்டு வைத்திருந்தாள்: தேர்வு எழுதுபவரின் முகம் ஐந்து நொடிக்கு மேல் திரையில் தெரியாவிட்டால் தேர்வு ரத்து. காரணம் கேட்கப்பட மாட்டாது. வாய்ப்பு பயன்படுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும்.

"பாத்தியா" என்றான் டிக்‌ஷனரி. "பரீட்சைக்காரனும் நம்ம கட்சி."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நாற்காலியின் இரண்டு பக்கமும் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். நோயாளி எழுந்தார், ஜன்னலுக்கு நடந்தார். பிறகு வாய் திறந்தபடி நின்றது. ஒன்றும் வரவில்லை.

"லிம்ப்டு..." என்று அவன் எடுத்துக்கொடுத்தான்.

"தெரியும்டா! தெரியுது. உட்கார்ந்தா வரமாட்டேங்குது."

"சும்மா மனசுல நினைச்சுக்கோ."

"மனசுல நினைச்சா 'ரிட்டர்ன்டு'தான் வருது."

பத்து மணி, பதினொன்று. அவன் அதட்டினான், கெஞ்சினான், மூளையின் இடப்பக்கம் வலப்பக்கம் என்று எங்கோ படித்ததையெல்லாம் சொன்னான். அவள் எழுந்து நடந்தால் விதவிதமாகத் திரும்பி வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லா நோயாளிகளும் வெறுமனே திரும்பினார்கள். பன்னிரண்டு மணிக்கு அவள் கோடு போட்ட விதித் தாளை எடுத்து நான்காக மடித்தாள்.

"நான் அந்த வகுப்புக்குப் போயிருக்கவே கூடாது" என்றாள். "நீ சொன்னதுதான் சரி."

ஒரு மணி நேரம் முன்பு இதைக் கேட்டிருந்தால் அவன் காற்றில் மிதந்திருப்பான். இப்போது போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

ஒன்றரைக்கு மாமா காலை டியூட்டி முடிந்து வந்தார். காக்கிச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நடந்ததை டிக்‌ஷனரி ஒரு மூச்சில் சொன்னான். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார். செம்பைக் கீழே வைத்தார்.

"ஒரு துப்பட்டாவால நாற்காலியோட சேர்த்துக் கட்டிடலாமா?"

"ஏங்க, விளையாடற நேரமா இது?" என்று அக்கா வெடித்தாள்.

"சரி சரி." அவர் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நான் ஒரு நாளைக்கு நூத்தி அறுபது கிலோமீட்டர் போய்த் திரும்பறேன். ஒரு தடவையாச்சும் எழுந்து நடக்கறேனா? உட்கார்ந்த இடந்தான். காலுதான் போகுது. நீ உட்காரு பாப்போம். மேல சிலை மாதிரி இரு. காலை மட்டும் ஓட்டு."

அக்கா உட்கார்ந்தாள். மேசைக்கடியில் பாதங்கள் தயங்கித் தயங்கி அசைந்தன. இடது, வலது. நோயாளி எழுந்தார். இடது, வலது. ஜன்னலுக்கு நடந்தார். ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து.

"லிம்ப்டு பேக்!" என்று கத்தினாள். "ஹீ லிம்ப்டு பேக் டு த பெட்!"

அதே நொடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். லேப்டாப் துள்ளியது, திரையில் அவள் முகம் மேலும் கீழும் ஆடியது. மேசைக்கு முன்பக்கம், முழங்கால் உயரத்துக்கு ஒரு மறைப்புப் பலகை இருந்தது. அவள் கால்விரல் அதில் இடித்திருந்தது. நடந்த உற்சாகத்தில் இன்னும் மூன்று முறை இடித்தாள். டொக், டொக், டொக்.

"இது எழுந்து போறதைவிட மோசம்" என்றான் டிக்‌ஷனரி. "கதவைத் தட்டறாங்கன்னு நினைச்சுக்குவான்."

மணி இரண்டு இருபது. மாமா பரணிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் மல்லாந்து படுத்தார். ஐந்து திருகாணி. நான்கு முணுமுணுத்துக்கொண்டே வந்துவிட்டன. ஐந்தாவது தலை தேய்ந்து வழுக்கியது. பலகை ஒரு மூலையில் மட்டும் தொங்கிக்கொண்டு ஊசலாடியது, அது முன்னைவிட அதிகச் சத்தம் போட்டது.

"மாமா, இரண்டு முப்பத்தைந்து."

"தெரியும்."

"இரண்டு நாற்பத்தி ஒண்ணு, மாமா."

"நீ மணி சொல்றதை நிறுத்தினா நான் திருகறதைத் தொடங்கலாம்."

கடைசியில் அவர் எழுந்து, மேசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பலகையில் ஓர் உதை விட்டார். மளுக்கென்று முறிந்து சுவரோரம் போய் விழுந்தது. அக்கா அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

தொடங்குவதற்கு முன் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். வேறு ஆள் இருக்கக் கூடாது, சுவரில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. டிக்‌ஷனரி தன் அட்டவணையை உரித்தான். டேப்போடு பெயிண்டும் கொஞ்சம் வந்தது. நாற்பத்தெட்டையும் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கதவு மூடிக்கொண்டது.

கூடத்தில் அவனும் மாமாவும் தரையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கதவு மெல்லியது. உள்ளே ஒரு பெண்குரல் வணக்கம் சொல்வது கேட்டது, அதற்கு அக்கா பதில் சொல்வதும். பெயர், வேலை, எத்தனை வருஷம். முதல் பகுதி ஓடியது. இரண்டாவது பகுதியில் மருந்துச் சீட்டைப் படித்தாள், தடுமாறவில்லை. மாமா தீக்குச்சியால் நக இடுக்கில் இருந்த கருப்பை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலாக.

"இப்ப படம்" என்று டிக்‌ஷனரி உதட்டை மட்டும் அசைத்தான்.

ஒரு நிமிடம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஊமைப்படத்தில் யாரோ ஒருவர் எழுந்து, எங்கோ போய், எப்படியோ திரும்பிக்கொண்டிருந்தார். அதை அக்கா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் குரல். நோயாளி உட்கார்ந்தார். கட்டிலைவிட்டு இறங்கினார். கூடவே, கதவுக்குக் கீழிருந்த இடைவெளி வழியாக, தரையில் அவளுடைய வீட்டுச் செருப்பின் சத்தம். டப், டப், டப். மாமா தலையை ஆட்டினார், பஸ் சரியான கியரில் போகிறது என்பதுபோல. நோயாளி ஜன்னலுக்கு நடந்தார். டப், டப். திரையை விலக்கினார். வெளியே பார்த்தார். டப்.

"தென் ஹீ..." என்றாள் அக்கா. "பிறகு அவர்..."

சத்தம் நின்றது. செருப்பும் நின்றது.

டிக்‌ஷனரி அட்டவணையைப் பிரித்தான். அவனை அறியாமல் விரல் அதன்மேல் ஓடியது. நொண்டினாரா? தவழ்ந்தாரா? சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்களா? நாற்பத்தெட்டும் அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் படத்தைப் பார்த்தவள் உள்ளே இருந்தாள். கதவின் கீழே காகிதத்தை நுழைத்தாலும், குதிரை முதல் நீச்சல் வரை எதைக் காட்டுவது?

ஐந்து நொடி. எட்டு. உள்ளே அந்தப் பெண்குரல், "பொறுமையாகச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னது.

நாற்காலி கிறீச்சிட்டது.

மாமாவின் கையில் தீக்குச்சி நின்றுவிட்டது. அந்தச் சத்தம் இரண்டு பேருக்கும் தெரிந்த சத்தம். காலையிலிருந்து டிக்‌ஷனரி அதை முப்பது முறை கேட்டிருந்தான். எழப்போகிறாள். எழுந்துவிட்டாளோ? கதவைத் திறந்தால் தேர்வு ரத்து. "உட்காருக்கா" என்று கத்தினாலும் ரத்து. அவன் சட்டைக் காலரின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். மாமா அவன் முழங்காலைப் பிடித்தார். பிடித்தது வலித்தது, அவன் அதை உணரவில்லை.

நான்கு.

மறுபடி கிறீச். நாற்காலி தன் இடத்துக்கு வந்தது.

அப்புறம் வேறொரு சத்தம் தொடங்கியது. டப் இல்லை. சர்ர்ர். கொஞ்சம் நிறுத்தம். சர்ர்ர். தரையைவிட்டுத் தூக்காமல், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு சின்ன அடி, இன்னொரு சின்ன அடி. கேட்டுக்கொண்டிருந்த டிக்‌ஷனரிக்குக் கதவுக்கு அப்பால் அந்த நோயாளி தெரிந்தார். வயசானவர். கால் தூக்க வராதவர். இடுப்பு முன்னால் வளைந்து, தரையைப் பார்த்தபடி, கட்டில் இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்.

முப்பத்தேழு, என்று அவன் மூளை சொன்னது. ஷஃபில்டு பேக். முப்பத்தேழாவது வரி, பச்சை மை. வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

அக்காவுக்கு அந்த வார்த்தை வரவில்லை. சர்ர்ர் என்று இன்னும் ஓர் அடி. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தனக்கு இருந்ததை வைத்துக் கட்டினாள். "ஹீ டிட் நாட் லிஃப்ட் ஹிஸ் ஃபீட். ஹீ ட்ராக்டு தெம். ஸ்மால் ஸ்டெப், ஸ்மால் ஸ்டெப், பேக் டு த பெட்." அவர் காலைத் தூக்கவில்லை. தேய்த்துக்கொண்டே வந்தார், சின்னச் சின்ன அடியாக, கட்டில் வரைக்கும். ஒரு மூச்சு விட்டாள். அவரைத் தனியாக நடக்கவிடக் கூடாது, என்றாள். நேற்று எப்படி நடந்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும், என்றாள்.

"ஏன்?" என்றது பெண்குரல்.

"நேற்று காலைத் தூக்கி நடந்தவர் இன்று தூக்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதற்குத்தான்." இதை அவள் செருப்பை அசைக்காமலே சொன்னாள்.

உள்ளே விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. நன்றி என்றார்கள். தற்காலிக முடிவு ஒரு மணி நேரத்தில் மின்னஞ்சலில் வரும் என்றார்கள்.

கதவு திறந்தது. அக்காவின் நெற்றியோரமெல்லாம் வியர்வையில் முடி ஒட்டியிருந்தது.

"எழுந்தியா?" என்றார் மாமா.

"பாதி எழுந்தேன். திரையில என் தாவாங்கட்டை மட்டும் தெரிஞ்சுது. அதைப் பார்த்துட்டு உட்கார்ந்துட்டேன்." அவள் அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். "டேய், அதுக்கு என்ன வார்த்தைடா? காலைத் தூக்காம தேய்ச்சு வர்றதுக்கு?"

"ஷஃபில்டு பேக்."

"உன் லிஸ்ட்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மேடம் அதைச் சொல்லித் தரலை. நான் கால்ல தேடித்தான் சொன்னேன். தப்பாயிருக்குமோ?"

டிக்‌ஷனரிக்குத் தப்பென்று படவில்லை. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொல்வதெல்லாம் எப்போதும் சரியாக இருந்ததால், இப்போது அவன் 'சரி' என்றால் அவள் நம்பிவிடுவாள். நம்பிய பிறகு முடிவு வேறாக வந்தால்?

"தெரியலைக்கா" என்றான்.

மாமா தீக்குச்சியைக் காதில் சொருகிக்கொண்டார். "மாப்ள, எனக்கு ஒண்ணு விளங்கலை. நொண்டறதுக்கும் இந்த ஷஃபிலுக்கும் என்ன வித்தியாசம்?"

"நொண்டறதுன்னா ஒரு கால் வேற மாதிரி, மாமா. இது ரெண்டு காலும் ஒரே மாதிரி. அதாவது, பாதம் தரையைவிட்டு... உராய்வு இருக்கும். வேகம் குறைவு. உடம்போட எடை வந்து..."

"நடந்து காட்டேன்."

"நடந்தெல்லாம் காட்ட முடியாது."

"ஏன்? கால்ல சுளுக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் இரண்டு முறை சமையலறைக்குப் போய் எதையும் எடுக்காமல் வந்தாள். யூனிஃபார்மை இஸ்திரி போட்டாள், மடித்தாள், மறுபடி பிரித்து இஸ்திரி போட்டாள். மாலை ஏழு மணிக்கு அவளுக்கு வார்டில் டியூட்டி. முடிவு எதுவானாலும் அங்கே இருபத்தாறு கட்டில் காத்திருக்கும். மாமா முறிந்த பலகையை எடுத்துப் பார்த்து, பசை போட்டால் ஒட்டுமா என்று தனக்குள் பேசிக்கொண்டார். டிக்‌ஷனரி லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, நிமிடத்துக்கு நான்கு தடவை அஞ்சல் பெட்டியைத் திறந்து மூடினான். ஒரு தடவை செருப்புக்கடைத் தள்ளுபடி விளம்பரம் வந்தது. மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அது வந்தது.

"நீ படிக்காதே" என்றாள் அக்கா. "நான்தான் படிப்பேன்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள். மாமாவால் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, பாஸா, இல்லையா? கண்டக்டர் மாதிரி நிக்கறியே!"

"பாஸ்" என்றாள். "நோயாளி எப்படித் திரும்பினார்னு தெளிவா சொல்லியிருக்கேனாம். தனியா விடக் கூடாதுங்கிற முடிவும் சரியாம்." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்போ கிளம்பணும்?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள."

"ஆறு மாசம் நான் சமைச்சுச் சாப்பிடணும்."

"தம்பி இருக்கானே."

"அவன் சமையலுக்கும் அட்டவணை போடுவான். அடுப்பு மட்டும் எரியாது."

ஆறே காலுக்கு அவர்கள் கிளம்பினார்கள். மாமா அவளை வண்டியில் ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு, பசையும் திருகாணியும் வாங்கி வருவதாகச் சொன்னார். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பி மறையும்வரை டிக்‌ஷனரி வாசலில் நின்றான்.

உள்ளே வந்தான். அறையில் மேசை முன்பக்கம் திறந்து கிடந்தது. சுவரில் அட்டவணை இருந்த இடத்தில் பெயிண்ட் போன நான்கு மூலைகள். அவன் கூடத்தின் ஜன்னல் கதவுகளைச் சாத்தினான். வாசல் தாழ்ப்பாளைப் போட்டான், இழுத்துப் பார்த்தான். அட்டவணையை விரித்து முப்பத்தேழாவது வரியை ஒருமுறை படித்தான், பிறகு அதைக் கவிழ்த்து வைத்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னல்வரை சாதாரணமாகத்தான் நடந்து போனான். அங்கே நின்று, இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, தரையைப் பார்த்து, "ஷஃபில்டு பேக்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு திரும்பினான்.

இரண்டாவது அடியில் கால் தரையைவிட்டு எழும்பிவிட்டது. ஜன்னலுக்குப் போய் மறுபடி ஆரம்பித்தான்.